இன்பக் கருவிகள்: வரலாறும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைப்ரேட்டர் போன்ற கருவிகளைப் பற்றி வாய்விட்டுக் கேட்கப் பலருக்கும் கூச்சம். கூச்சப்படுவதில் தப்பில்லை. ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி சும்மா இருப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையோ தவறான பயமோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கருவிகளால் வரும் காயங்களில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அதனால்தான் இங்கே எதையும் மென்று விழுங்காமல் எழுதியிருக்கிறேன்.

எந்தெந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

மோட்டாரால் அதிரும் வைப்ரேட்டர், கிளிட்டோரிஸ் (பெண்குறியின் மேல்பக்கத்தில் உள்ள, உணர்வு மிகுந்த சிறு உறுப்பு) மீது காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தூண்டும் கருவி, முன்னும் பின்னும் அசையும் இயந்திரம், ஆணுறுப்பில் மாட்டும் வளையம், வெற்றிடப் பம்ப், லேசான மின்சாரம் பாய்ச்சும் கருவி. மோட்டார் இல்லாத, ஆணுறுப்பு வடிவக் கருவியான டில்டோவையும் சேர்த்துக்கொள்கிறேன். கதை அங்கேதான் தொடங்குகிறது, பாதுகாப்பு விதிகளில் பாதியும் அதற்கும் பொருந்தும். இங்கே சொல்வதெல்லாம் வயதுவந்தவர்களுக்கு.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்புதானே?

மோட்டார் வேண்டுமானால் புதிது. ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் குகையில், ஏறத்தாழ 28,000 ஆண்டுகள் பழமையான, மெருகேற்றிய கல்லால் ஆன ஆணுறுப்பு வடிவம் ஒன்று கிடைத்தது. 14 துண்டுகளை ஒட்டவைத்துத்தான் முழு வடிவத்தைக் கண்டார்கள். நீளம் சுமார் 20 செ.மீ. 2005-ல் செய்தி வெளியானது. தீக்கல்லை உடைக்கும் சுத்தியலாகவும் அதைப் பயன்படுத்திய தழும்புகள் அதில் உண்டு. உடலுக்குள் பயன்பட்டதா என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே "உலகின் முதல் டில்டோ" என்று அடித்துச் சொல்லும் தலைப்புகளை நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் விண்டொலாண்டா ரோமானியக் கோட்டையில் கிடைத்த மரக்கருவிதான். 1992-ல் ஒரு பள்ளத்திலிருந்து, பழைய செருப்புகளோடும் தோல் வெட்டுத் துண்டுகளோடும் சேர்ந்து வந்தது. துணி தைக்க உதவும் கருவி என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். சுமார் 16 செ.மீ. நீளம், ஒரு முனை ஆணுறுப்பின் நுனி போலச் செதுக்கப்பட்டது, இரண்டு முனைகளும் நடுப்பகுதியைவிட வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கின்றன. முப்பது வருடம் கழித்து, 2023-ல்தான் ஆய்வாளர்கள் அதை மறுபடி எடுத்துப் பார்த்து, இது பாலுறவுக் கருவியாக இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். இடிக்கும் குழவியாகவோ, அதிர்ஷ்டத்துக்காகத் தொட்டுச் செல்லும் சிலையின் பாகமாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். கண்ணுக்கு நேரே இருந்த வடிவத்துக்குத் தையல் கருவி என்று பெயர் வைத்தது எது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பண்டைக் கிரேக்கர்களிடம் இந்த மறைப்பு இல்லை. தோலால் செய்த கருவிக்கு அவர்கள் 'ஒலிஸ்போஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கி.மு. 411-ல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில் அது பேச்சில் வருகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஹெரோடாஸ் எழுதிய ஒரு குறுநாடகத்தில் இரண்டு பெண்கள், 'இவ்வளவு அழகான சிவப்புத் தோல் கருவியை யார் தைத்துக் கொடுத்தது' என்று விசாரித்துக்கொள்கிறார்கள். கெர்தோன் என்ற செருப்புத் தைப்பவர்தான் தைத்தவர். வாத்ஸ்யாயனரின் காமசூத்திரமும் தங்கம், வெள்ளி, செம்பு, தந்தம், கொம்பு, மரம் என்று எந்தெந்தப் பொருளில் கருவி செய்யலாம் என்று பட்டியலிடுகிறது.

கிளியோபாட்ரா சுரைக்குடுக்கையில் தேனீக்களை அடைத்து வைப்ரேட்டராகப் பயன்படுத்தினாராமே?

எந்தப் பழைய நூலிலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் கிளம்பிய கதை.

விக்டோரியா காலத்து மருத்துவர்கள் 'ஹிஸ்டீரியா'வைக் குணப்படுத்த வைப்ரேட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹிஸ்டீரியா என்பது பெண்களின் பலவகை உடல், மனக் கோளாறுகளுக்கு அன்று வைத்திருந்த பெயர். கதை இப்படிப் போகிறது: அந்தக் காலத்து மருத்துவர்கள், ஹிஸ்டீரியா என்று சொல்லி வந்த பெண்களைக் கையால் தூண்டி உச்சக்கட்டம் அடையச் செய்தார்கள். கை வலித்தது. வலி தாங்காமல் இயந்திரம் செய்தார்கள். ஆய்வாளர் ரேச்சல் மெய்ன்ஸ் 1999-ல் எழுதிய நூல் வழியாக இது உலகெங்கும் பரவி, நாடகமாகவும் படமாகவும் ஆனது. கேட்கச் சுவையான கதை. அதனால்தான் யாரும் சரிபார்க்கவில்லை போலும்.

சரிபார்த்தவர்கள் ஹாலி லீபர்மன், எரிக் ஷாட்ஸ்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள். மெய்ன்ஸ் காட்டிய மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவிட்டு, மருத்துவர்கள் வைப்ரேட்டரால் பெண்களை உச்சக்கட்டத்துக்குக் கொண்டுபோவதை ஒரு சிகிச்சையாகச் செய்தார்கள் என்பதற்கு அவற்றில் ஓர் ஆதாரமும் இல்லை என்று 2018-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே வரலாற்றாசிரியர் ஹெலன் கிங், பழங்கால மருத்துவ நூல்களை மெய்ன்ஸ் படித்த விதம் தவறு என்று காட்டியிருந்தார். மெய்ன்ஸும் தான் முன்வைத்தது ஒரு கருதுகோள்தான் என்று சொல்லியிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் கதையில் பெண்களுக்குத் தங்கள் உடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்களுக்கு நடப்பது என்ன என்றே புரியாத பொம்மைகளாக வருகிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் அவ்வளவு அறியாதவர்கள் என்று நம்பச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் வைப்ரேட்டர் எதற்காக வந்தது?

வலியையும் நரம்புத் தளர்ச்சியையும் போக்க. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டெய்லர் 1869-ல் நீராவியால் இயங்கும் ஒரு மசாஜ் மேசைக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஜோசஃப் மார்டிமர் கிரான்வில் 1880-களின் தொடக்கத்தில் பேட்டரியால் இயங்கும் கருவியை உருவாக்கினார். அவர் 1883-ல் வெளியிட்ட நூலில், பெண்களுக்கு இந்தச் சிகிச்சையைத் தருவதைத் தான் தவிர்த்ததாகவும் இனியும் தவிர்க்கப்போவதாகவும் அவரே எழுதியிருக்கிறார். மேலே சொன்ன கதையின் நாயகனாக்கப்பட்டவரும் இதே கிரான்வில்தான்!

இருபதாம் நூற்றாண்டு பிறந்து வீடுகளுக்கு மின்சாரம் வந்ததும் வைப்ரேட்டர் வீட்டுச் சாமான் ஆகிவிட்டது. தலைவலி, முதுகுவலி, முகச்சுருக்கம், முடி உதிர்வு எல்லாவற்றுக்கும் மருந்து என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள். தபால்வழி விற்பனை செய்த அமெரிக்க நிறுவனமான சியர்ஸின் 1918-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் மின்விசிறி, மிக்ஸர் போன்றவற்றோடு ஒரே பக்கத்தில் வந்தது. வாங்கியவர்களில் சிலர் அதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது விளம்பரத்தில் இருக்காது. அமெரிக்காவில் ஆபாசப் பொருள்களைத் தபாலில் அனுப்பத் தடை விதித்த காம்ஸ்டாக் சட்டம் 1873-லிருந்தே அமலில் இருந்தது. அதனால் விற்பவரும் வாங்குபவரும் 'மசாஜ்' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

எப்போது வெளிப்படையாக இன்பக் கருவி என்று சொல்லத் தொடங்கினார்கள்?

1960-களின் இறுதியிலும் 1970-களிலும். ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் அமெரிக்காவில் உடல் மசாஜுக்கென்று விற்ற, உருண்டைத் தலை வைத்த 'மேஜிக் வாண்ட்' கருவியை, பாலியல் கல்வியாளர் பெட்டி டாட்சன் பெண்களுக்கான தன் பயிலரங்குகளில் கையில் எடுத்துக்காட்டிச் சொல்லிக்கொடுத்தார். டெல் வில்லியம்ஸ் என்பவர் அதே கருவியை வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனபோது, விற்பனைக்கு நின்ற இளைஞர் 'எதற்காக வாங்குகிறீர்கள்?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாராம். வெட்கமும் கோபமுமாக வெளியே வந்தவர், 1974-ல் நியூயார்க்கில் பெண்களுக்காகவே ஒரு கடையைத் தொடங்கினார். ஈவ்ஸ் கார்டன் என்று பெயர். 1977-ல் ஜோனி பிளாங்க் சான் பிரான்சிஸ்கோவில் குட் வைப்ரேஷன்ஸ் கடையைத் திறந்தார்.

2013 வாக்கில் ஹிட்டாச்சி அந்தக் கருவியிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டது. கருவி இன்னும் விற்கிறது.

சிலிக்கான் எப்படி வந்தது?

இதை ஏன் பலரும் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கிரெனடாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கோஸ்னெல் டங்கன் 1965-ல் வேலையிடத்தில் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். உடற்குறையுள்ளவர்களுக்கும் தாம்பத்திய இன்பம் வேண்டும் என்பதைப் பற்றி யாருமே பேசாத காலம். அன்று கிடைத்த ரப்பர் டில்டோக்கள் நாற்றமடித்தன, விரிசல் விட்டன, கழுவக் கழுவக் கெட்டுப்போயின. டங்கன் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன வேதியியலாளர் ஒருவரோடு பேசிப் பேசி, உடலுக்கு ஒத்துப்போகும், ரப்பர் போன்ற சிலிக்கானைத் தேர்ந்தெடுத்து, 1970-களின் தொடக்கத்தில் தன் வீட்டு நிலவறையிலேயே வார்த்து விற்றார். இன்று நல்ல கருவி என்றாலே சிலிக்கான் என்று ஆனதற்குப் பின்னால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

கருவிக்குள்ளே என்னதான் இருக்கிறது?

பெரும்பாலான வைப்ரேட்டர்களில் ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்த எடை. எடை நடுவில் இல்லாததால் சுற்றும்போது எல்லாமே உதறும். பல கைபேசிகள் அதிர்வதும் இதே முறையில்தான். சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றினால் தோலின் மேற்பரப்பில் சுரீரென்ற அதிர்வு. பெரிய எடை மெதுவாகச் சுற்றினால் ஆழத்தில் கடகடவென்ற அதிர்வு. மேஜிக் வாண்ட் நிமிடத்துக்கு 5,000 அல்லது 6,000 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 83 அல்லது 100 அதிர்வுகள். நம் தோலின் அடியில் அதிர்வை உணரும் பாசினியன் என்ற நுண்ணுறுப்புகள் விநாடிக்கு 200 முதல் 300 அதிர்வுகளுக்குத்தான் மிக எளிதாக விழித்துக்கொள்ளும்.

காற்றழுத்தக் கருவிகள் 2014-ல் ஜெர்மனியின் மிக்கேல் லெங்கே கொண்டுவந்த வகை. அவை தொட்டு அதிர்வதில்லை. ஒரு சிறு கிண்ணத்துக்குள் காற்றை இழுத்தும் தள்ளியும் தூண்டுகின்றன.

எந்தப் பொருளில் செய்ததை வாங்கலாம்?

தூய சிலிக்கான், துருப்பிடிக்காத எஃகு, போரோசிலிகேட் கண்ணாடி, கெட்டியான ஏ.பி.எஸ் பிளாஸ்டிக். இவற்றுக்கு நுண்துளை கிடையாது, அழுக்கும் கிருமியும் உள்ளே இறங்காது.

'ஜெல்லி' என்று விற்கும் மலிவான பி.வி.சி ரப்பர் வேண்டாம். கையில் எடுத்துப் பாருங்கள்: புது ஷவர் திரைச்சீலையைப் பிரித்ததும் வருமே, அந்த வாசனை. விரலால் அழுத்தினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அலமாரியில் இன்னொன்றை ஒட்டி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால், இரண்டும் தொட்டுக்கொண்ட இடத்தில் உருகிக் குழைந்திருக்கும். பி.வி.சியை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் கசிவதுதான் காரணம். 2006-ல் கிரீன்பீஸ் நெதர்லாந்து எட்டுக் கருவிகளைச் சோதித்தபோது ஏழில் தாலேட் இருந்தது, அதுவும் எடையில் 24 முதல் 51 விழுக்காடு வரை. குழந்தைகளின் விளையாட்டுச் சாமானில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் அளவு 0.1 விழுக்காடு. சில தாலேட்கள் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியவை என்று வகைப்படுத்தப்பட்டவை.

டி.பி.இ என்ற மென்ரப்பர் இடைப்பட்டது. தாலேட் இல்லாமலே மென்மையாக இருக்கும், ஆனால் நுண்துளைகள் உண்டு. அதைப் பயன்படுத்தினால் மேலே ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒருவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்தப் பொருளாக இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் வார்ப்பு ஒட்டிய விளிம்பை விரல் நுனியால் முழுக்க வருடிப் பாருங்கள். கையில் குத்தாத ஒரு சின்னப் பிசிறு உள்ளுறுப்பின் மெல்லிய தோலைக் கீறிவிடும்.

இவ்வளவு விற்கிறதே, யாரும் சோதிப்பதில்லையா?

பல காலம் சோதிக்கவில்லை. பெட்டியில் 'வேடிக்கைப் பொருள்' என்று அச்சிட்டுவிட்டால் மருத்துவக் கருவிகளுக்கான விதிகள் எட்டாது. அமெரிக்காவில் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ கண்காணிப்பது, சிகிச்சைக்கானது என்று சொல்லி விற்பதை மட்டும்தான். உடலுக்குள் போகும் ஒரு பொருளை வேடிக்கைப் பொருள் என்று விற்க விட்டது பெரும் பொறுப்பின்மை என்பது என் கருத்து.

2021-ல் ஐ.எஸ்.ஓ 3533 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. நோயாளிகளின் மலக்குடலில் சிக்கிய கருவிகளை எடுத்து எடுத்துச் சலித்துப்போன ஸ்வீடன் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் எழுப்பிய கேள்விதான் அதற்கு வித்திட்டது. பொருள், வடிவம், பயன்பாட்டுக் குறிப்பு எல்லாவற்றையும் பற்றி அது பேசுகிறது. ஆனால் கட்டாயமில்லை. விரும்பும் தயாரிப்பாளர் பின்பற்றலாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

பயன்படுத்தும் முன்பும் பின்பும், வாசனையில்லாத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். மோட்டார் இல்லாத தூய சிலிக்கானையும் எஃகையும் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடலாம். கண்ணாடியைச் சூட்டிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த நீரில் காட்டாதீர்கள், விரிசல் விடும். மோட்டார் உள்ளது தண்ணீர் புகாத வகையா என்று பெட்டியைப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு தனித்தனித் துணிப்பையில் வையுங்கள்.

2014-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு கவனிக்கத்தக்கது. பெண்கள் பயன்படுத்திக் கழுவிய வைப்ரேட்டர்களில், பாலுறவால் தொற்றும் எச்.பி.வி வைரஸ் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார்கள். கழுவிய உடனே இரண்டு வகையிலும் சிலவற்றில் வைரஸ் இருந்தது. 24 மணி நேரம் கழித்து சிலிக்கானில் இல்லை, டி.பி.இ கருவிகள் சிலவற்றில் இன்னும் இருந்தது. எனவே துணையோடு பகிர்வதாக இருந்தால் கழுவியதை மட்டும் நம்பாமல், ஆள் மாறும்போதெல்லாம் புது ஆணுறை மாட்டுங்கள். ஆசனவாயில் பயன்படுத்தியதை அப்படியே யோனிக்குக் கொண்டுபோகக் கூடாது. குடலில் வாழும் கிருமிகள் அங்கே போனால் தொற்றுதான்.

லூப்ரிகன்ட் (உராய்வைக் குறைக்கும் வழுவழுப்புத் திரவம்) தேவையா?

ஆசனவாய்க்குக் கட்டாயம், ஏனென்றால் அங்கே இயற்கையான ஈரம் சுரக்காது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் யோனி வறளும், அப்போதும் வேண்டும். நீர் சார்ந்தது எல்லாக் கருவிக்கும் ஒத்துப்போகும். சிலிக்கான் கருவிக்குச் சிலிக்கான் லூப்ரிகன்ட் போட்டால் மேற்பரப்பு கெடலாம். லேடெக்ஸ் ஆணுறைக்கு எண்ணெய் ஆகாது, சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும்.

தொடர்ந்து பயன்படுத்தினால் நரம்பு மரத்துப்போகுமா? அடிமையாகிவிடுவேனா?

நீண்ட நேரம் கடுமையான அதிர்வில் வைத்திருந்தால் அந்த இடம் மரத்துப்போவது உண்மை. புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருந்த கை மரத்துப்போவது போல. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். 2009-ல் அமெரிக்காவில் 18 முதல் 60 வயது வரையுள்ள சுமார் 2,000 பெண்களிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கும் சற்று அதிகமானோர் வைப்ரேட்டர் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஒரு பக்கவிளைவும் வந்ததில்லை என்றார்கள். நிரந்தரமாக உணர்விழந்துபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஒரே வேகம், ஒரே முறை என்று உடல் பழகிவிடுவது நடக்கலாம். கருவியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தால், அல்லது வேகத்தைக் குறைத்தால் மாறும். வலி, ரத்தக்கசிவு, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் மரத்துப்போதல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆசனவாயில் பயன்படுத்துவது ஆபத்தா?

அடிப்பாகம் அகலமாக விரிந்த கருவி என்றால் பயமில்லை. விரிந்த அடி இல்லாத எதையும் உள்ளே விடாதீர்கள். இதில் விதிவிலக்கே இல்லை. யோனிக்கு உள்பக்கம் கருப்பைவாயில் முடிகிற எல்லை உண்டு, மலக்குடலுக்கு அப்படி எல்லை கிடையாது. ஆசனவாயின் தசை வளையம் பொருளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும், வழுக்கும் கையால் மறுபடி பிடிக்க முடியாது. பாட்டில், மெழுகுவர்த்தி, பல்பு போன்றவற்றை நினைத்தும் பார்க்காதீர்கள்.

சிக்கிக்கொண்டால் இடுக்கி, கரண்டி என்று கையில் கிடைத்ததை வைத்துத் தோண்டாதீர்கள். பேதி மருந்தும் வேண்டாம். மருத்துவமனைக்குப் போங்கள். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத் தசையைத் தளர்த்தி, கத்தி வைக்காமலே எடுத்துவிடுவார்கள். நாள் கடத்தினால்தான் குடல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகும். வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஆண்களுக்கான வளையமும் பம்பும்?

வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. கத்தரிக்கோலால் வெட்ட முடிகிற, இழுபடும் சிலிக்கான் வளையம் வாங்குங்கள். உலோக வளையம் சிக்கி உறுப்பு வீங்கிவிட்டால் மருத்துவமனையில் உலோகம் அறுக்கும் கருவி தேட வேண்டியிருக்கும். நிறம் நீலமானாலோ குளிர்ந்துபோனாலோ உடனே கழற்றுங்கள், முடியாவிட்டால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

வெற்றிடப் பம்புக்கு 1917-லேயே ஓட்டோ லெடரர் காப்புரிமை வாங்கினார். 1970-களில் கெடிங்ஸ் ஆஸ்பன் அதைச் செம்மைப்படுத்தினார், 1982-ல் எஃப்.டி.ஏ அனுமதி கிடைத்தது. விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்களே இன்றும் பரிந்துரைக்கிறார்கள். அழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு உள்ளதை மட்டும் வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அரிவாள் செல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

முன்னும் பின்னும் அசையும் இயந்திரங்கள்?

இயந்திரத்துக்கு வலி தெரியாது. உங்கள் துணை முகம் பார்த்து நிறுத்துவார், மோட்டார் நிறுத்தாது. ஆகவே நிறுத்தும் பொத்தான் எப்போதும் பயன்படுத்துபவரின் கையிலேயே இருக்க வேண்டும். முதலில் இயந்திரத்தைத் தனியாக ஓடவிட்டு அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்று கண்ணால் பாருங்கள். குறைந்த நீளம், குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். கட்டிப்போட்ட நிலையில் தனியாகப் பயன்படுத்துவது கூடவே கூடாது. துளையிடும் இயந்திரத்தை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முயற்சிகளும் வேண்டாம், அவற்றின் விசை இதற்கானதில்லை.

எந்த உடல்நிலையில் கூடுதல் கவனம்?

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மின்தூண்டல் கருவியைத் தவிர்க்க வேண்டும். காந்தத்தால் ஒட்டிச் சார்ஜ் ஆகும் கருவிகளை மார்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. யாராக இருந்தாலும் மின்தூண்டல் இடுப்புக்குக் கீழேதான். மின்சாரம் இதயத்தின் வழியாகப் பாயும்படி எங்கும் வைக்கக் கூடாது.

முதுகுத்தண்டு காயம் பட்டவர்களுக்கு அதிர்வு ஒரு வரம். ஆணுறுப்பில் 2.5 மி.மீ. வீச்சில் விநாடிக்கு 100 அதிர்வு கொடுத்தால் பலருக்கும் விந்து வெளியேறுகிறது, குழந்தை பெறவே உதவுகிறது என்று 1990-களில் டென்மார்க் மருத்துவர்கள் காட்டினார்கள். ஆனால் காயம் மார்புப் பகுதியின் 6-ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், தூண்டலின்போது ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். தலை வெடிப்பது போல வலி, முகச்சிவப்பு, வியர்வை வந்தால் உடனே நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். முதல் முறை மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்தபடி செய்வதுதான் சரி.

பிரசவம், அறுவை சிகிச்சை ஆன உடனே வேண்டாம். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பதாகவோ குறைப்பிரசவ வாய்ப்பு இருப்பதாகவோ சொல்லியிருந்தால் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கைபேசி செயலியோடு இணையும் கருவிகள்?

உங்கள் அந்தரங்கம் யாருடைய சர்வரில் சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். வீ-வைப் கருவியின் செயலி, பயன்படுத்திய நேரம், அதிர்வின் அளவு போன்ற விவரங்களைச் சொல்லாமல் சேகரித்ததாக 2016-ல் வழக்கு வந்தது. 2017-ல் நிறுவனம் 37.5 லட்சம் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டு முடித்தது. 2020-ல் ஆணுறுப்பைப் பூட்டும் ஒரு கருவியின் செயலியில் பெரிய ஓட்டை இருப்பதைப் பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உலகில் எங்கிருந்தும் யாரும் அதை நிரந்தரமாகப் பூட்டிவிட முடிந்தது, கையால் திறக்க வழியும் வைக்கவில்லை. செயலி இல்லாமலும் இயங்குகிற, கையாலேயே நிறுத்த முடிகிற கருவியையே வாங்குங்கள்.

பேட்டரி வெடிக்குமா?

அரிது. கூடவே வந்த ஒயரில் சார்ஜ் செய்யுங்கள், இரவு முழுக்க விடாதீர்கள். உப்பியிருந்தாலோ தொட முடியாத அளவு சுட்டாலோ அதோடு தூக்கிப் போட்டுவிடுங்கள். குப்பைத்தொட்டியில் வேண்டாம், பேட்டரி சேகரிக்கும் இடத்தில்.

ஏதோ ஆகிவிட்டது. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

'தவறி உட்கார்ந்துவிட்டேன்' என்ற கதை வேண்டாம். அவசரப் பிரிவில் இருப்பவர்கள் அதைப் பல முறை கேட்டிருப்பார்கள். பொய்யைத் தாண்டி உண்மைக்கு வருவதற்குள் நேரம் போய்விடும், தேவையில்லாத பரிசோதனைகளும் நடக்கும். உள்ளே போனதும் இவ்வளவு சொன்னால் போதும்: "பாலுறவுக் கருவி பயன்படுத்தினேன், உள்ளே சிக்கிவிட்டது. தனியாகப் பேச வேண்டும்." பிறகு அவர்களுக்குத் தேவை நான்கு விவரம்தான். என்ன பொருள், எவ்வளவு நீளம், உடையக்கூடியதா, எத்தனை மணிக்கு நடந்தது. உள்ளே பேட்டரி இருந்தால், இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பெட்டி வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், அளவும் பொருளும் அதில் அச்சிட்டிருக்கும்.